தவுக்கே திருப்பி அனுப்பிய தர்பூசணி: ஒரு நிகழ்வு ஆய்வு

மலேசியாவில் ஜொகூர் மாநிலத்து லாபிஸ் பக்கத்துத் தோட்டங்களில் பழைய செம்பனையை (எண்ணெய்ப்பனை) சாய்த்து மறுநடவு செய்யும்போது ஒரு வழக்கம் உண்டு. புதுக் கன்று முழங்கால் உயரம் இருக்கும் காலத்தில் வரிசைகளுக்கு நடுவே நிலம் சும்மா கிடக்கும். அதை ஒரு பருவத்துக்கு, மிஞ்சினால் இரண்டு பருவத்துக்கு, தர்பூசணி போடுகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். ஒரே மண்ணில் திரும்பத் திரும்பப் போட்டால் ஃபியூசேரியம் வாடல் நோய் வந்து கொடிகள் வரிசையாகச் சாகும். அதனால் தர்பூசணிக்காரர்களுக்குப் புது மண் தேவை. தோட்டத்துக்காரர்களுக்கோ களை ஏறாமல் இருந்தால் போதும். நாடோடிப் பிழைப்பு மாதிரிதான் இந்த விவசாயம்: எழுபது நாள் பயிர், அறுவடை, அப்புறம் அடுத்த தோட்டம்.

என் மனைவியின் தம்பி இந்தத் தொழிலில் இருக்கிறான். நான் இடைநிலைப் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். படிவம் ஐந்து பிள்ளைகளுக்கு மெண்டலின் பட்டாணியைப் பல வருடம் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். பட்டாணிச் செடியை மட்டும் நேரில் பார்த்ததில்லை. சொந்த மச்சானின் லோரியில் அந்தப் பாடம் வந்து நிற்கும் என்று நினைக்கவே இல்லை.

நடந்தது

முதல் பருவத்தில் மச்சான் மஞ்சள் சதை தர்பூசணி போட்டான், கடையில் வாங்கிய கலப்பின விதை. பழங்கள் எல்லாம் முட்டை வடிவம், எல்லாம் மஞ்சள், நல்ல விலை. அடுத்த பருவத்துக்கு விதை விலையைக் கேட்டதும் அவனுக்கு வயிறு எரிந்தது. கடைசி அறுவடையில் நல்ல இனிப்பாக இருந்த மூன்று பழங்களின் விதையைக் கழுவி, சுளகில் காயவைத்து, மைலோ டின்னில் போட்டு வைத்தான். இரண்டாவது பருவத்துக்கு ஒரு பகுதி நிலத்தில் அதையே போட்டான். மண்ணை மூடும் சில்வர்ஷைன் பிளாஸ்டிக் விரித்து, ஒரு கொடிக்கு ஒரு பழம் மட்டும் விட்டு, மற்ற பிஞ்சுகளைக் கிள்ளி, எல்லாம் முறைப்படிதான் செய்தான்.

லோரி ஏற்றும் நாளில் பழத்தை மொத்தமாக வாங்கும் வியாபாரி, எங்கள் பேச்சில் தவுக்கே, வந்தார். முதலில் அவர் எந்தப் பழத்தையும் வெட்டவில்லை, குவியலைச் சுற்றி வந்தார். நீளப் பழம், முட்டைப் பழம், உருண்டைப் பழம் என்று குவியல் கலந்து கிடந்தது. முகம் மாறியது. கத்தியை எடுத்து மூன்று பழம் வெட்டினார். மஞ்சள், மஞ்சள், சிவப்பு. "இனி சம்போர்," என்று சொல்லிக் கத்தியைத் துடைத்துக்கொண்டார். கலப்பு என்றால் வேண்டாம் என்று அர்த்தம். மஞ்சள் என்று ஒட்டுத்தாள் ஒட்டி அனுப்பும் பழத்தில் சிவப்பு வந்தால் திட்டு வாங்குவது அவர்தான். அவரைக் குறை சொல்ல முடியாது.

மொத்தச் சரக்கும் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. அந்த வாரம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தீமிதி. பழங்கள் தண்ணீர்ப் பந்தலுக்குப் போயின.

தேனீ மேல் பழி

"மாமா, பக்கத்து நிலத்துச் சிவப்புல உக்காந்த தேனீதான் நம்ம காயைக் கெடுத்துடுச்சு," என்றான் மச்சான். கால்வாய்க்கு அந்தப் பக்கம் வேறொருவர் இரண்டு பருவமும் சிவப்பு தர்பூசணிதான் போட்டிருந்தார். பேச்சு அவரிடம் சண்டைக்குப் போகும் அளவுக்குச் சூடாகியிருந்தது.

இந்த நம்பிக்கை அவனுடையது மட்டும் இல்லை. தோட்டக்காரர்களில் பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள். சோளத்தில் இது உண்மையும்கூட. வெள்ளைச் சோளத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் சோளம் இருந்தால் அதே கதிரில் மஞ்சள் மணிகள் வந்துவிடும். சோளத்தில் நாம் தின்பது விதையை. விதைக்குள் இருக்கும் கருவில் பாதிப் பங்கையும் அதைச் சுற்றிய உணவுச் சதையில் மூன்றில் ஒரு பங்கையும் மகரந்தம் கொடுக்கிறது, அதனால் அப்பாவின் நிறம் அந்த வருடமே தெரியும்.

தர்பூசணியில் நாம் தின்பது விதையைச் சுற்றிய சதையை. அது பெண் பூவின் அடியில் இருக்கும் சூலகத்தின் சுவரும் விதைகள் ஒட்டியிருக்கும் திசுவும் பெருத்து வருவது. பூ விரியும் முன்பே அந்தக் குட்டிக் காய் கொடியில் இருக்கிறது, முழுக்க முழுக்க அம்மாவின் திசு. மகரந்தம் வந்து சேராவிட்டால் காய் பிடிக்காது, குறைவாக வந்தால் காய் கோணலாகும், அதெல்லாம் சரி. ஆனால் எந்த நிறப் பழத்திலிருந்து வந்த மகரந்தமாக இருந்தாலும் இந்த வருடத்துச் சதையின் நிறத்தில் அது கை வைக்க முடியாது. மாற்றம் விதைக்குள் ஒளிந்திருக்கும். அந்த விதையைப் போட்டால் அடுத்த வருடம்தான் வெளியே வரும்.

இதைச் சொன்னபோது மச்சான் மரியாதைக்குத் தலையாட்டினான், நம்பவில்லை. சரி, நிலத்திலேயே கேட்டுவிடலாம் என்று போனோம்.

தேனீதான் நிறத்தை மாற்றுகிறது என்றால் ஒரே கொடியில் உள்ள இரண்டு பழங்களுக்கு இரண்டு நிறம் வரலாம், ஏனென்றால் ஒவ்வொரு பூவுக்கும் வேறு வேறு தேனீ வந்திருக்கும். நிறம் கொடியுடையது என்றால் ஒரு கொடியின் பழங்கள் எல்லாம் ஒரே நிறமாகத்தான் இருக்க வேண்டும். ஓரத்து வரிசைகளில் கவனக்குறைவாக இரண்டு பழம் விடப்பட்ட கொடிகள் இருந்தன. கொடியைத் தடவிக்கொண்டே அடிவரை போய், இரண்டு பழமும் ஒரே தண்டிலிருந்துதான் வருகின்றன என்று உறுதி செய்த பிறகே வெட்டினோம். இந்த வேலைக்கு முதுகு வேண்டும், எனக்கு அது பத்து வருடம் முன்பே போய்விட்டது. 17 கொடிகள் கிடைத்தன. 13 கொடிகளில் இரண்டும் மஞ்சள், 4 கொடிகளில் இரண்டும் சிவப்பு. ஒன்று மஞ்சள் ஒன்று சிவப்பு என்று ஒரு கொடிகூட இல்லை.

ஒவ்வொரு பழமும் தனித்தனியாக முக்கால் பங்கு மஞ்சள், கால் பங்கு சிவப்பு என்று குலுக்கலில் நிறம் வாங்கியிருந்தால், ஒரு ஜோடி ஒத்துப்போக வாய்ப்பு 16-க்கு 10. 17 ஜோடியும் ஒத்துப்போக வாய்ப்பு பத்தாயிரத்தில் 3 அளவுதான். பத்தாவது கொடியை வெட்டும்போதே மச்சான் கால்வாய்க்கு அந்தப் பக்கம் முறைத்துப் பார்ப்பதை நிறுத்தியிருந்தான்.

எண்ணிக்கை

தேனீ இல்லையென்றால் நிறம் எங்கிருந்து வந்தது? தண்ணீர்ப் பந்தலில் பழம் வெட்டியது என் மனைவி, அவள் தங்கச்சி, கோயில் இளைஞர்கள். ஒரு பேரப்பிள்ளையிடம் அட்டையும் மார்க்கர் பேனாவும் கொடுத்து, மஞ்சளுக்கு இடப்பக்கம் ஒரு கோடு, சிவப்புக்கு வலப்பக்கம் ஒரு கோடு போடச் சொன்னேன். ஒரு கொடிக்கு ஒரு பழம் என்பதால் ஒரு கோடு என்றால் ஒரு கொடி. அட்டையில் நிறைய சிரப் ஒட்டிக்கொண்டது, ஆனால் கோடுகள் தெரிந்தன. மொத்தம் 212. மஞ்சள் 163, சிவப்பு 49. மஞ்சளுக்குள் சிவப்புத் திட்டு விழுந்த பழம் இரண்டு இருந்தன, அப்படி இரண்டு நிறமும் திட்டுத்திட்டாக வரும் வகைகளும் உண்டு. அவற்றை மஞ்சளில் சேர்த்தேன்.

212-ஐ 3-க்கு 1 என்று பிரித்தால் 159, 53 வரும். கண்டது 163, 49. எதிர்பார்த்ததும் கண்டதும் எவ்வளவு விலகுகின்றன என்று பார்க்கும் கை-ஸ்கொயர் கணக்கு 0.40 தந்தது. 3.84-க்கு மேல் போனால்தான் சந்தேகப்பட வேண்டும். மெண்டல் பட்டாணியில் கண்ட அதே விகிதம்தான் இது. முதல் பருவத்து மஞ்சள் பழங்கள் எல்லாம் உள்ளுக்குள் ஒரு மஞ்சள் மரபணுவும் ஒரு சிவப்பு மரபணுவும் சுமந்த கலப்புக் கொடிகளில் வந்தவை. அவை தங்களுக்குள் மகரந்தம் பரிமாறிக்கொண்டபோது நாலில் ஒரு பங்கு விதைக்கு இரண்டு பக்கமும் சிவப்பு விழுந்தது. கடையில் வாங்கிய பாக்கெட்டிலேயே சிவப்பு இருந்தது, வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

முந்தைய பருவத்தில் பக்கத்து நிலத்து மகரந்தம் விதைக்குள் ஏறியிருக்கலாம் அல்லவா என்று கேட்பது நியாயமான கேள்வி. மகரந்தத்தில் பாதி அங்கிருந்து வந்திருந்தால் மஞ்சள் 132 அல்லது 133-தான் வந்திருக்கும். 163 அதற்கு வெகு தூரம். கொஞ்சம் வந்திருக்கலாம், ஆனால் கணக்கில் தெரியும் அளவுக்கு வரவில்லை.

வேறு ஒரு சாத்தியமும் இருந்தது. தர்பூசணியின் மஞ்சள் ஒரே சமாச்சாரம் இல்லை. கேனரி மஞ்சள் என்று சொல்லும் பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சள், சிவப்பை அமுக்கும் ஓங்கு மரபணுவால் வருவது. சால்மன் மஞ்சள் என்ற மங்கலான மஞ்சள் நேர் எதிர், சிவப்பு அதை அமுக்கிவிடும். 1944-இலேயே பூல் என்பவர் சிவப்பு சால்மன் மஞ்சளை அமுக்குவதை எழுதியிருக்கிறார். 1998-இல் ஹெண்டர்சன், ஸ்காட், வெஹ்னர் மூவரும் இந்த நிறங்கள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன என்று பிரித்துக் காட்டினார்கள். கேனரி மஞ்சளையே அடக்கிச் சிவப்பாக்கும் தடுப்பு மரபணு ஒன்றும் அதில் வருகிறது. அந்தத் தடுப்பும் நம் பாக்கெட்டில் கலந்திருந்தால் விகிதம் 9-க்கு 7 ஆகியிருக்கும், அதாவது மஞ்சள் 119 அளவில் நின்றிருக்கும். நிற்கவில்லை. முதல் பருவம் முழுக்க மஞ்சள், இரண்டாவது பருவம் 3-க்கு 1 என்பதால் ஒரே ஒரு மரபணு, அதில் கேனரி மஞ்சள் ஓங்கியது என்று முடிவு செய்தேன்.

தவுக்கே கத்தியை எடுக்கும் முன்பே முகம் சுளித்தாரே, அதுவும் இதே கதைதான். தர்பூசணியின் வடிவத்தை நிர்ணயிக்கும் முக்கியமான மரபணு ஒன்றில் யாரும் யாரையும் முழுக்க அமுக்குவதில்லை. நீளமும் உருண்டையும் சேர்ந்தால் நடுவில் முட்டை வடிவம். முட்டைகளின் பிள்ளைகளில் நாலில் ஒன்று நீளம், நாலில் ஒன்று உருண்டை, பாதி முட்டை. முதல் பருவத்தில் அச்சில் வார்த்த மாதிரி ஒரே வடிவமாக இருந்ததற்குக் காரணம் அது கலப்பினம் என்பதுதான். இனிப்பும் அதே போலச் சிதறியிருந்தது. அதற்குப் பல மரபணுக்கள் காரணம், விரல் விட்டு எண்ணிப் பிரிக்க முடியாது.

ஒரு விஷயம் போகிற போக்கில். மச்சான் போட்டது விதையில்லாப் பழமாக இருந்திருந்தால் இந்த வம்பே வந்திருக்காது. ஜப்பானில் கிஹாரா என்ற ஆராய்ச்சியாளர் வழிகாட்டிய முறைப்படி, குரோமோசோம் தொகுதி நான்கு உள்ள நான்மடியத்தையும் இரண்டு உள்ள இருமடியத்தையும் கலந்து உண்டாக்கும், மூன்று உள்ள மும்மடியப் பழத்தில் முளைக்கும் விதை உருவாவதில்லை. சேமித்து வைக்க எதுவும் இருக்காது.

சிவப்பு என்பது ஒரு தடங்கல்

மச்சானுக்குப் பிடிக்காத பகுதி இது, எனக்குப் பிடித்ததும் இதுதான். சிவப்புதான் "நல்ல" தர்பூசணி, மஞ்சள் ஏதோ வேடிக்கை நிறம் என்று எல்லாரும் நினைக்கிறோம். செல்லுக்குள் பார்த்தால் கதை தலைகீழ்.

சதையில் நிறப்பொருள் ஒரு வரிசையாகத் தயாராகிறது, பழைய ரப்பர் தொழிற்சாலையில் பால் ஒவ்வொரு கட்டமாகப் போகிற மாதிரி. வரிசையின் நடுவில் லைக்கோபீன் என்ற சிவப்புப் பொருள் வரும், தக்காளியைச் சிவப்பாக்குவதும் அதுதான். அதற்கு அடுத்த மேடையில் லைக்கோபீன் பீட்டா சைக்ளேஸ் என்ற நொதி நிற்கிறது. லைக்கோபீன் நீளமான சங்கிலி. இந்த நொதி அதன் முனைகளை வளையமாக மடித்துவிடும், அப்புறம் சிவப்பு போய்விடும். சங்கிலி மேலே போய் வெவ்வேறு மஞ்சள் நிறப்பொருள்களாகும். கேனரி மஞ்சள் பழத்தில் இந்த நொதி ஒழுங்காக வேலை செய்கிறது. சிவப்புப் பழத்தில் அந்த மேடையில் ஆள் பலவீனம், சரக்கு தேங்கிவிடுகிறது. 100 கிராம் சிவப்புத் தர்பூசணியில் 4.5 மில்லிகிராம் அளவுக்கு லைக்கோபீன் தேங்குகிறது, பழுத்த தக்காளியில்கூடப் பொதுவாக அவ்வளவு இருப்பதில்லை.

2007-இல் பாங் என்பவரும் சகாக்களும் இந்த நொதியின் மரபணுவில் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் உள்ள வேறுபாட்டைப் பிடித்தார்கள். நொதிச் சங்கிலியில் 226-ஆம் இடத்து அமினோ அமிலம் மஞ்சளில் ஃபீனைல்அலனின், சிவப்பில் வேலின். மரபணுவில் ஒரே எழுத்து மாறியதால் வந்த மாற்றம். 2020-இல் வந்த ஒரு சீன ஆய்வு இன்னொரு படி போய், சிவப்புப் பழத்தில் இந்த நொதிப் புரதத்தின் அளவே குறைவாக இருப்பதைக் காட்டியது. காட்டுத் தர்பூசணிகளும், 2021-இல் ரென்னர் குழுவினர் நம் தர்பூசணிக்கு மிக நெருங்கிய உறவு என்று காட்டிய சூடானின் கோர்டோஃபான் தர்பூசணியும் வெளிறிய வெள்ளைச் சதை கொண்டவை. சிவப்பு, மனிதன் பார்த்து ஆசைப்பட்டுப் பொறுக்கிச் சேர்த்த குறை.

அதனால்தான் மஞ்சள் ஓங்குகிறது. நல்ல நொதி ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதும், வரிசை ஓடும். வரிசை நிற்க இரண்டு பக்கமும் பழுது வேண்டும். இதை மச்சானிடம், "வீட்டுல ஒருத்தனுக்கு லைசென்ஸ் இருந்தாலே கார் ஓடும்" என்று சொன்னேன். அவன் வீட்டில் அக்காவுக்குத்தான் லைசென்ஸ், உடனே புரிந்துகொண்டான்.

இங்கே விதை சேமிக்கிறவனுக்கு ஒரு முரண் இருக்கிறது. தவுக்கே ஒதுக்கித் தள்ளிய சிவப்புப் பழத்தின் கொடிதான் நிறத்தில் சுத்தம். இரண்டு பக்கமும் சிவப்பு என்பதால் அதற்குள் மறைந்திருக்க எதுவும் இல்லை. மஞ்சள் 163-இல் சுமார் மூன்றில் ஒரு பங்கு மட்டும் சுத்த மஞ்சள், மீதி சிவப்பை ஒளித்து வைத்திருப்பவை. வெட்டிப் பார்த்தாலும் ருசித்துப் பார்த்தாலும் எது எது என்று தெரியாது. விதையைப் போட்டு அடுத்த தலைமுறையைப் பார்க்க வேண்டும், அல்லது பாங் குழுவினர் உருவாக்கிய டிஎன்ஏ அடையாளத்தை வைத்து ஆய்வுக்கூடத்தில் இலையைச் சோதிக்க வேண்டும். சுத்த மஞ்சள், சிவப்பை ஒளித்த மஞ்சள், சிவப்பு என்று மூன்று வகையையும் நாற்றுப் பருவத்திலேயே பிரித்துக் காட்டும் சோதனை அது. நம் ஊர்ச் செம்பனைக் கன்றுகளுக்கு நடுவே குந்தியிருப்பவனுக்கு அது எட்டாத சமாச்சாரம்.

இரண்டாவது சுற்று

நிலத்தைத் திருப்பிக் கொடுக்க இன்னும் சில வாரம் இருந்தது, கொடிகள் பூத்துக்கொண்டிருந்தன. ஒரு கொடியின் பழங்கள் எல்லாம் ஒரே நிறம் என்று தெரிந்துவிட்டதால், ஓரத்து வரிசையில் சிவப்பு என்று வெட்டிப் பார்த்த 4 கொடிகளில் அடுத்து வரும் பூக்களைப் பிடிக்கலாம் என்று மச்சானே சொன்னான். மாலையில் போய் மறுநாள் விரியப்போகும் பெண் மொட்டையும் ஆண் மொட்டையும் தேடுவது. பெண் மொட்டுக்கு அடியில் சுண்டைக்காய் அளவு குட்டிக் காய் மயிர் மயிராக இருக்கும், ஆணுக்கு வெறும் காம்பு. இரண்டையும் துணி கிளிப் போட்டு மூடிவிட்டு, விடிந்ததும் அதே கொடியின் ஆண் பூவைக் கிள்ளி, இதழை மடக்கி, பெண் பூவின் சூல்முடியில் மூன்று முறை தொட்டுத் தடவி, திரும்பவும் கிளிப். பூ ஒரே நாள்தான், மதியத்துக்குள் வாடிவிடும். பதினொரு பூவில் மூன்று காய் பிடித்தது. மழை பாதியைத் தின்றது, எறும்பு மீதியை.

அதே கொடிகளில் கிளிப் போடாமல், தேனீ விருப்பத்துக்கு விட்ட ஒரு பழத்தின் விதையையும் எடுத்து வைத்தான். இதை நான் சொல்லவில்லை.

அடுத்த தோட்டத்தில் கடையில் வாங்கிய விதைக்குப் பக்கத்தில் ஒரு வரிசை மட்டும் இந்த இரண்டும். கிளிப் போட்ட பழங்களின் விதையில் 31 கொடிகள் காய்த்தன, 31-ம் சிவப்பு. தேனீக்கு விட்ட பழத்தின் விதையில் 24 கொடிகள், 11 மஞ்சள், 13 சிவப்பு. சிவப்பு அம்மாவுக்கு அக்கம்பக்கத்து மஞ்சள், சிவப்புக் கொடிகள் எல்லாவற்றின் மகரந்தமும் கலந்து வந்திருந்தால் கிட்டத்தட்ட பாதி மஞ்சளாக வர வேண்டும், வந்திருந்தது.

"அப்ப தேனீயும் வேலை பார்த்திருக்கு மாமா, ஒரு வருசம் தள்ளி," என்றான் மச்சான். வடிவமும் இனிப்பும் இரண்டு குவியலிலும் இன்னும் கன்னாபின்னாவென்றுதான் இருக்கின்றன. மைலோ டின்னில் இப்போது இரண்டு பொட்டலம். ஒன்றில் மார்க்கரால் "சிவப்பு, கிளிப் போட்டது" என்று எழுதியிருக்கிறான். மற்றதில் "தேனீ" என்று மட்டும்.